பிள்ளைக்காம்பரா ஜன்னலோர வரிசை

அன்பு அப்பாவுக்கு,

நம் எஸ்டேட்டில் ஒரு வரிசைத் தேயிலை மட்டும் கொப்புள நோய்க்குத் தாக்குப்பிடிக்கிறது என்று போனில் சொன்னேனே, காரணம் தெரிந்துவிட்டது. பக்கத்து வரிசையும் இதே ரகம், இதே மரபணுதான். ஆனால் இந்தச் செடிகளில் மரபணு இழை சுற்றிக்கிடக்கும் ஹிஸ்டோன் புரதங்கள் சற்று மாறியிருக்கின்றன. மருந்து அடிக்காததால் மழைக்கு மழை நோய் லேசாகத் தொட்டுப் போனதில் ஏற்பட்ட மாற்றம் அது. அதனால் மறுபடி நோய் வரும்போது செடி சீக்கிரம் விழித்துக்கொள்கிறது.

அந்த வரிசைக்கு மட்டும் மருந்து படாமல் போனது எப்படி என்பதுதான் நேற்று வரை புரியவில்லை.

நேற்று ஆய்வுக்கு இலை எடுக்கப் போனேன். பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ராக்கம்மா அக்கா சொன்னார்: "ஒங்கப்பா இந்த ஜன்னலோர வரிசைக்கு மட்டும் மருந்து அடிக்கவே மாட்டாரு. உள்ள நீ தொட்டில்ல தூங்குவ. நீ வளந்த பொறகும், மத்த புள்ளைங்க இருக்குதுன்னு கடைசி வரைக்கும் அடிக்கல."

ஒரு வரிசைக்கு மருந்து அடிக்காமல் வேலையில் ஏமாற்றியதாக உங்களைச் சஸ்பெண்ட் செய்த அன்று, "ஏம்ப்பா ஏமாத்துனீங்க?" என்று நான் கேட்டது உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் எனக்கு டீ ஆற்றிக் கொடுத்தீர்கள்.

ஆய்வேட்டில் நன்றி சொல்ல ஒரு பக்கம் உண்டு. அதில் உங்கள் பெயரை முதலில் எழுதியிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். இந்த முறை டீயை நான் ஆற்றித் தருகிறேன்.

ஜன்னலோரம் தூங்கிய
உங்கள் மகள்