சப்-ஜட்ஜ் தலையில் பரிவட்டம்

பங்குனி 3, திங்கள்

வெயில் இப்போதே இந்தப் போடு போடுகிறது. பங்கா இழுப்பவன் இழுத்துக்கொண்டே தூங்கிவிட்டான். எழுப்பவில்லை. எனக்கும் தூக்கம்தான்.

வாடிப்பட்டிப் பக்கத்துக் கோயில் மரியாதைக் கேஸ், இன்றும் நாள் பூரா. பூசை முடிந்ததும் முதல் பரிவட்டம் யார் தலையில் என்பது வழக்கு. அந்தத் துணியில் ஒரு கைக்குழந்தைக்குச் சட்டை தைக்க முடியாது. அதற்கு மதுரை வரை வந்து இரண்டு வக்கீல்.

வாதி பெரியகருப்பன், எண்பது இருக்கும். பிரதிவாதி வீரணன், அவருடைய சித்தப்பா மகன். கிழவர் காய்ச்சலில் படுத்த வருஷம் "அண்ணனுக்குப் பதிலா நிக்கிறேன்" என்று வந்து நின்றவர், பிறகு நகரவே இல்லை.

கூண்டில் கிழவர் என்னைப் பார்த்து: "சித்திரையில திருவிழா எசமான். ஒருக்கா என் தலையில கட்டிப் பாத்துட்டேன்னா நிம்மதியாக் கண்ண மூடிருவேன்." சொல்லி முடிப்பதற்குள் இருமல். வீரணனுடைய வக்கீல் சேஷாத்ரி எழுந்து, இது சாட்சியமல்ல என்றார். வாஸ்தவம். ஆனாலும் எழுதிக்கொண்டேன்.

மறக்காமல்: கண்ணாடிக்கு மூக்குப் பிடி. வீட்டில் மரகதத்துக்குத் தாழம்பூ. சனிக்கிழமை கோயிலை நேரில் பார்க்க வண்டி.

பங்குனி 5, புதன்

தாழம்பூ மறந்துபோயிற்று. "உங்களுக்கு அந்தக் கிழவர் தலைதான் ஞாபகம், என் தலை எங்க இருக்கு" என்றாள் மரகதம்.

தீர்ப்பு மனசுக்குள் ஏறக்குறைய முடிந்துவிட்டது. கிழவர் பக்கம். முதல் பரிவட்டம் கிழவர் குடும்பத்துக்கே என்ற கோயில் மேளக்காரர் சாட்சியத்தைச் சேஷாத்ரியால் ஆட்ட முடியவில்லை. வீரணன் சாட்சிகளோ பள்ளிக்கூடத்து வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்கள். வாதி குடும்பம் நிற்கிற இடம் என்று சொல்லும் தூணைப் பார்த்துவிட்டால் உட்கார்ந்து எழுத வேண்டியதுதான். திருவிழாவுக்கு முன்பே சொல்லிவிடலாம்.

சென்னையிலிருந்து தகவல். ஜில்லா ஜட்ஜ் வேலைக்கு என் பெயர் போயிருக்கிறதாம். சந்தோஷம், பொய் சொல்வானேன். முன்சீப்பாக ஏழு ஊர். எந்த ஊரிலும் கல்யாண வீடு போனதில்லை, தேங்காய் மூடி வாங்கினதில்லை. மர. சொல்வாள்: "உங்களோட குடித்தனம் பண்றதுக்கு ஜெயில்ல இருந்தாலும் நாலு பேரோட பேசலாம்."

பங்குனி 8, சனி

சே! என்ன புத்தி இது.

காலை எட்டு மணிக்கே ஊர் கூடிவிட்டது. கோயில் வாசலில் தலைப்பாகையை அவிழ்த்து டவாலிச் சேவகன் கையில் கொடுத்தேன். அங்கே பிடித்தது வினை. உள்ளே தூணைப் பார்த்தேன், தூரம் அளந்தேன், குறித்தேன். ஒரு பக்கம் கிழவர், ஒரு பக்கம் வீரணன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

பூசாரி தீபம் காட்டினார். திருநீறு பூசிக்கொண்டேன். உள்ளே போனவர் ஒரு துணியோடு வந்தார். சின்ன வயசிலிருந்து பழகிய பழக்கம், பூசாரி கை தூக்கினால் தலை தானாகக் குனியும். குனிந்தது. கட்டிவிட்டார்.

வருஷக்கணக்காக இவர்கள் எதற்கு அடித்துக்கொண்டார்களோ அது என் தலையில். வீரணன் வாயைப் பிளந்து நின்றார். கிழவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை, துணியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. உடனே அவிழ்த்துத் தட்டில் வைத்தேன். வைத்து என்ன?

திரும்பும்போது வண்டியில் என் கோர்ட்டுத் தலைமைக் குமாஸ்தா, சிரஸ்தார், சொல்கிறார், அந்தப் பூசாரி கிழவருடைய மகளைக் கட்டியவராம். இதை முன்னாலேயே சொல்வதற்கென்ன, மனுஷா!

மர. விழுந்து விழுந்து சிரித்தாள். "வீட்டுல ஒரு நாள் குனிஞ்சதில்ல, அங்க போயி குனிஞ்சீங்களாக்கும்." அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மோர் கொண்டுவந்து வைத்தாள்.

பங்குனி 10, திங்கள்

கோர்ட்டு கூடுமுன் சேஷாத்ரி, கிழவருடைய வக்கீலையும் கூட்டிக்கொண்டு என் அறைக்கு வந்தார். "கோவிச்சுக்கப்படாது. வாதியோட மருமகன் கையால முதல் மரியாதை வாங்கின ஜட்ஜ் தீர்ப்புச் சொல்லப்படாதுன்னு மனுப் போடச் சொல்றார் என் கட்சிக்காரர்." நானாக இருந்தாலும் போடுவேன் என்றேன்.

சிரஸ்தார்: "கலெக்டருக்குந்தேன் கட்டுவாக, தள்ளுபடி பண்ணுங்க சார்." பண்ணலாம். மேலே கேட்கமாட்டார்கள். கிழவருக்குத் திருவிழா கிடைக்கும். என் பெயரிலும் கறை விழாது. எல்லாருக்கும் சௌகரியம், வீரணன் ஒருவரைத் தவிர. அவர் காலம் பூராவும் சொல்வார், விலைக்கு வாங்கின தீர்ப்பு என்று. ஊரும் பாதி நம்பும்.

சாப்பாடு இறங்கவில்லை. கத்தரிக்காயில் உப்பில்லை என்று மர. மேல் எரிந்து விழுந்தேன். உப்பு இருந்தது.

பங்குனி 12, புதன்

மனு வரக் காத்திருக்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதி, கேஸை என் கோர்ட்டிலிருந்து எடுக்கும்படி ஜில்லா ஜட்ஜிடம் நேரில் கொடுத்தேன். துரை படித்துவிட்டுச் சிரித்தார், ஒரு முழத் துணிக்கா இவ்வளவு என்று. பிறகு சிரிக்காமல் கையெழுத்துப் போட்டார். காகிதம் என் பைலில் ஏறும். உத்தியோக உயர்வு இந்தத் தடவை இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டியது.

கோர்ட்டில் சொன்னேன். அடுத்த ஜட்ஜ் கோடை லீவு கழிந்துதான் எடுப்பார். கிழவருக்கு விஷயம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. "அப்ப சித்திரைக்கு இல்லையா?" என்று தன் வக்கீலைக் கேட்டார். வக்கீல் காகிதத்தைக் கட்டினார்.

பங்குனி 16, ஞாயிறு

மேகமூட்டம், மழை இல்லை. தாழம்பூ வாங்கியாயிற்று.

பத்து மணிக்குக் கிழவர் வாசலில். துண்டு கக்கத்தில். கட்சிக்காரர்களை வீட்டுப் படி ஏற்றுவதில்லை நான். கேஸ்தான் என்னிடம் இல்லையே, வரட்டும் என்றேன். நாற்காலியைக் காட்டினேன், உட்காரவில்லை.

"மாத்துனதுல எனக்கு வருத்தமில்ல எசமான். நாளப்பின்ன வீரணன் ஒரு சொல்லு சொல்லிறப்படாது. ஆனா அடுத்த திருவிழாவுக்கு நான் இருக்க மாட்டேன். ஒண்ணே ஒண்ணு கேக்க வந்தேன். நீங்க எழுதியிருந்தா யாருக்கு எழுதியிருப்பீக?"

"அதைச் சொல்லக் கூடாது."

"யார்ட்டயும் மூச்சு விட மாட்டேன். என் மககிட்டகூடச் சொல்ல மாட்டேன்."

"இன்னொரு கோர்ட்டில் இருக்கிற கேஸ். சொல்ல முடியாது."

இருமினார். மர. தண்ணீர் கொடுத்தாள், குடித்தார். "அப்ப வாரேன் எசமான்" என்று கும்பிட்டுத் திரும்பினார்.

நான் எழுந்து நின்றேன். உத்தியோகத்துக்கு வந்த நாள் முதலாக எந்தக் கட்சிக்காரருக்கும் எழுந்ததில்லை. அவர் படி இறங்கும் வரை நின்றேன். கடைசிப் படியில் திரும்பிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கக்கத்துத் துண்டை எடுத்து உதறி, தலையில் சுற்றிக் கட்டிக்கொண்டு தெருவில் நடந்தார்.

"எதுக்கு எந்திரிச்சு நின்னீங்க?" என்றாள் மர.

கால் மரத்துப்போச்சு என்றேன்.