இஸ்திரிக்கு மறைந்த வரி

நெய்வேலி, 14.5.2016

தம்பி குமரவேலுக்கு,

அக்கா எழுதுவது. உன் மனைவி சத்யாவின் முட்டிவலி தேவலையா? விடுதிக் காப்பாளர் வேலையில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

சேலம் வீட்டில் என் பங்கை உனக்கு விட்டுத்தரும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கசங்கிய காகிதத்தை அனுப்பும் பழக்கம் எனக்கு இல்லாததால், அதை இஸ்திரி போட்டேன். ‘அக்கா உயிருள்ளவரை மாடி அறை அவருக்கே’ என்று நீ கையால் எழுதிச் சேர்த்த வரி மறைந்துபோனது. தட்டச்சு வரிகளும் என் கையெழுத்தும் அப்படியே இருந்தன.

இங்கே தங்கிப் பயிற்சிக்குப் போகும் மணிமொழி பார்த்துவிட்டுச் சிரித்தாள். “சூடு பட்டா மறையிற பேனா மேடம் இது. ஃப்ரீசர்ல வைங்க, திரும்பி வந்துடும். உங்க தம்பி பிட் அடிச்சே பாஸ் பண்ணவருங்களா?”

வைத்தேன். உன் எழுத்துப்பிழையோடு திரும்பி வந்தது.

பத்திரம் இனி உனக்கு வராது. உன் அத்தான் போன பிறகு எனக்கென்று இருப்பது அந்த அறைதான். அம்மாவின் கட்டிலை அங்கிருந்து இறக்காதே. கொசுவலையைத் துவைத்து வை. ஜூன் முதல் வாரம் வருகிறேன். எத்தனை நாள் என்று கேட்காதே.

சாப்பாட்டு மணி அடிக்கிறது. மாடிச் சாவியைப் பதிவுத் தபாலில் அனுப்பு.

இப்படிக்கு,
திருமதி வள்ளியம்மாள் சக்கரபாணி