மாடியில் ஒரு வெந்நீர் அடுப்பு

நவம்பர் 3, 1986. திங்கள். புத்தூர்.
விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. சொன்னவர்: நகராட்சிக் கட்டட அனுமதி எழுத்தர் பிச்சமுத்து, நேரில்.
காரணம்: மாடியில் சமையலறை கட்ட வரைபடம் இணைக்கவில்லை, புகைபோக்கி காட்டவில்லை.
நான் கேட்டது சமையலறை அல்ல. வெயிலில் தண்ணீர் சுட வைக்கும் சாதனம். கறுப்புத் தகடு, மேலே கண்ணாடி, ஒரு தொட்டி.
"மாடியில யாரைக் குடி வைக்கப் போறீங்க, சார்?" என்றார் பிச்சமுத்து. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

நவம்பர் 4
தவறு என்னுடையது. 'சூரிய வெந்நீர் அடுப்பு' என்று எழுதியிருக்கிறேன். வாசகருக்குப் புரியாத சொல்லை எடுத்துவிட்டு வீட்டுச் சொல்லைப் போடுவது நிருபராக இருந்த காலத்துப் பத்திரிகைப் பழக்கம். அடுப்பு என்றால் சமையல். தனிச் சமையல் என்றால் தனிக் குடித்தனம். அவர் படித்தது சரிதான்.

நவம்பர் 9. ஞாயிறு.
பக்கத்து வீட்டுக்கு டிரங்க் கால். என் மகள் டோரதி, பெரம்பூரிலிருந்து.
"கால் புண் ஆறிடுச்சாப்பா?"
ஆறிவிட்டது. ஆகஸ்டில் வெந்நீரை இறக்கும்போது விரல்கள் பிடி விட்டுக் காலில் கொட்டியது. அன்றிலிருந்து இதே பேச்சு.
"கிறிஸ்துமஸுக்குள்ள உங்க வெயில் மிஷின் வந்தா அங்கயே இருங்க. வரலைன்னா மூட்டையைக் கட்டுங்க. ரூம் காலியாத்தான் வெச்சிருக்கேன்."
சரி என்றேன். பந்தயம் போல.

நவம்பர் 12
ஸ்ரீரங்கம். சாதனம் பொருத்தும் நிஜாமுதீன், தான் வேலை செய்த ஒரு வீட்டு மாடியைக் காட்டினார். "கை வெச்சிடாதீங்கய்யா, தோல் உரிஞ்சிடும்!"
வீட்டுக்கார அம்மாள் ரங்கநாயகி: "நாங்க தொட்டின்னுதான் எழுதிக் கொடுத்தோம். ஒண்ணும் கேக்கலையே. ஆத்துல பதினோரு பேர், எல்லாரும் ஸ்நானம் பண்ணியும் மிஞ்சறது. உங்களுக்கு எத்தனை பேர்?"
"நான் ஒருத்தன்தாம்மா."
"ஒருத்தருக்கா இவ்ளோ ஜலம்?"

நவம்பர் 18
'தொட்டி' என்ற சொல் கிடைத்து ஆறு நாள். அலுவலகம் போகவில்லை. வேறு வேலையும் இல்லை.

நவம்பர் 24
போனேன். விண்ணப்பத்தில் 'அடுப்பு' என்பதை அடித்துவிட்டுத் 'தொட்டி' என்று எழுதினேன்.
பிச்சமுத்து: "இதை முதல்லயே போட்டிருந்தா, உங்ககிட்ட நான் ஏன் சார் புகைபோக்கி கேக்கப் போறேன்?"

டிசம்பர் 8
அனுமதி வந்துவிட்டது. கையெழுத்து, முத்திரை, எல்லாம்.
திருத்தாமல் விட்டிருந்தால் கிறிஸ்துமஸுக்குப் பெரம்பூர். யார் தடுத்தா? போகணும்னு இருந்தா 'வரேம்மா'ன்னு சொல்ல வேண்டியதுதானே — அதுக்கு எதுக்கு ஒரு அலுவலகம் வேண்டாம்னு சொல்லணும்? ஊர் முழுக்கக் கேள்வி கேட்டவன். இது ஒண்ணைக் கேக்க வாய் வரல.

டிசம்பர் 19
பொருத்தியாயிற்று. குளித்தேன். நல்ல சூடு. பாதிக்கு மேல் அப்படியே இருக்கிறது.

டிசம்பர் 21. ஞாயிறு.
டிரங்க் கால். வெந்நீர் வருகிறது என்று சொன்னேன்.
"அப்பாடா! இப்பதான்பா நிம்மதி. அப்ப அந்த ரூமை எங்க நாத்தனாருக்குக் கொடுத்துடறோம். அவளுக்குக் காலேஜ் பக்கம்."
நல்லது என்றேன். லைன் சரியில்லை என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது.
நிலுவை: மேற்பார்வையாளர் மாடியை வந்து பார்ப்பது, ஜனவரி 5, திங்கள் காலை. சொன்னவர் பிச்சமுத்து.
டோரதி வருவது: "லீவு கிடைச்சா." தேதி உறுதியாகவில்லை.