அந்தப் பஸ்ஸுக்குள் நீ

அக்கா,

உன் பதினாறாம் நாள் காரியத்துக்குப் போய்விட்டு வந்து பழைய பெட்டியைக் குடைந்தேன். அந்தத் தொடர்கதைக் கட்டு கிடைத்தது. வாராவாரம் பத்திரிகைத் தாள்களைப் பிரித்தெடுத்துச் சாக்கு ஊசியால் நீ தைத்தது. உன் கலியாணம் வரைக்கும் உன் தையல், நேராக இருக்கிறது. அதற்கப்புறம் என்னுடையது, கண்றாவி.

அறுபத்தெட்டோ ஒன்பதோ. நம்ம ராயக்கோட்டையில் எங்கே பார்த்தாலும் அந்தக் கதைப் பேச்சுத்தான். புருஷன் அடி தாங்காமல் ஓடிவந்த பெண்ணைப் பிறந்த வீடு சேர்த்துக்கொள்ளுமா, கொள்ளாதா? தக்காளி பறிக்கும்போதும் இதே கவலை. நான் எழுத்தாளருக்கே கார்டு போட்டேன். "ஐயா, அவளைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள், செத்துப்போவாள்." அழுதுகொண்டேதான் எழுதினேன்.

மறுவாரம், வாழ்க்கைப்பட்ட மத்தூரிலிருந்து நீ வந்து நின்றாய். கையில் ஒரு பை. அம்மாவிடம் முதுகைக் காட்டினாய்.

"அடிக்காத புருசன் எந்த ஊர்ல இருக்கான்? காலையில கெளம்பு" என்றாள் அம்மா. அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். நீ என்னைப் பார்த்தாய். அந்த வெள்ளிக்கிழமை ஓசூரிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தார்கள்.

"இப்பத்தான் வரணுமாக்கா?" என்றேன்.

பாவி, அதைத்தான் சொன்னேன். மறுநாள் நானே உன்னைக் கிருஷ்ணகிரி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். பஸ் முக்குத் திரும்பும்வரை நின்றேன். வீட்டுக்கு வந்து பலகாரத்துக்கு மாவு சலித்தேன்.

வெள்ளிக்கிழமை வந்தவர்கள் வந்து போனார்கள். சனிக்கிழமை பத்திரிகை வந்தது. கதையிலும் அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த வார அத்தியாயம் முழுக்க அவள் பஸ்ஸில் போவது மட்டும்தான். பக்கத்தில் இருப்பவள், "தாய் வீட்டுக்குப் போய்விட்டு வருகிறாயா?" என்று கேட்கிறாள். இவள் சிரித்துக்கொண்டே, "ஆமாம், விடவே மாட்டேன் என்றார்கள்" என்கிறாள்.

ஐயோ அக்கா! பஸ் திரும்பியதும் எனக்கு நீ முடிந்துபோய்விட்டாய். உள்ளே எப்படி உட்கார்ந்திருந்தாய், யார் கேட்டார்கள், என்ன பதில் சொன்னாய் என்று நான் நினைக்கவே இல்லை. முன்பின் பார்த்திராத ஒரு மனுஷர் எழுதித்தான் தெரிந்தது.

யாரிடமும் சொல்லாமல் மத்தூர் வந்தேன். கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தாய்.

"வாக்கா, வீட்டுக்குப் போலாம். அம்மாகிட்ட நான் சண்ட போடறேன்."

நீ நிமிரவில்லை. "வெள்ளிக்கெழம வந்தவங்க என்னா சொன்னாங்க?"

"புடிச்சிருக்குன்னாங்க."

"அப்ப போ. இன்னொரு தடவ திருப்பி அனுப்புனா என்னால தாங்க முடியாதுடி."

ஐம்பது வருஷத்துக்கு மேல் அங்கேயே இருந்துவிட்டாய். அதைப் பற்றி ஒரு நாளும் பேசவில்லை. நான் வரும்போதெல்லாம் புளிச்சகீரை கடைந்து போட்டாய். திட்டியிருக்கலாம்.

அந்த எழுத்தாளர் எனக்கு ஒரு வியாதியைக் கொடுத்துவிட்டுப் போனார். யாரை வழியனுப்பினாலும் மனசு அவர்களோடு ஏறி உட்கார்ந்துகொள்கிறது. என் மருமகள் ஒரு நாள் கோபித்துக்கொண்டு புறப்பட்டபோது பின்னாலேயே ஓடிப்போய்க் கூட்டிவந்தேன். எல்லோரும் என்னை இரக்கக்காரி என்கிறார்கள். கேட்கும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. அந்த இரக்கம் நாலு நாள் முன்னால் வந்திருந்தால் நீ நம் வீட்டில் இருந்திருப்பாய்.