டைட்டனோசரின் கழுத்து

வைகாசி, செவ்வாய் இரவு

பொருட்காட்சியில் நாங்கள் நிறுத்தியிருந்த டைட்டனோசர் என்ற இரும்பு டைனோசர் பொம்மையின் நீளக் கழுத்து இன்று சாயங்காலம் முறிந்து விழுந்தது. அதன்மேல் என்னோடு வேலை பார்க்கும் சங்கரன் இருந்தான். கோவில்பட்டிக்கு வந்ததிலிருந்தே அந்தக் கழுத்து ஆடும்போதெல்லாம் முனகியது. வெல்டிங் விட்டிருக்கிறது என்று இரண்டு பேரும் முதலாளியிடம் சொன்னோம். "இலைதழை மட்டும் தின்ற சாதுப் பிராணி" என்று மைக்கில் சொல்லி அவர் அதை ஆட்டிக்கொண்டேதான் இருந்தார். இன்று தலை திரும்பாமல் நின்றுவிட்டது. சரிபார்க்க அவனை மேலே ஏற்றினார்.

ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது.

"குடிச்சிட்டு ஏறினான்னு போலீஸ்ல சொல்லிரு" என்றார் முதலாளி. தலையாட்டினேன்.

பசுவந்தனையிலிருந்து சங்கரன் மனைவி வந்தாள். ஆட்டுக்குத் தழை ஒடித்த கறை கையில் அப்படியே இருந்தது. அழவில்லை.

"அண்ணாச்சி, அவிய குடிச்சிருந்தாவளாமே? தொடவே மாட்டாவளே!"

முதலாளி என் பக்கத்திலேயே நின்றார்.

"இல்லம்மா, குடிக்கல. வெல்டிங் விட்டிருந்துச்சு. நாங்க சொன்னோம், இவரு கேக்கல."

அதற்கப்புறம்தான் அவள் அழுதாள்.

முதலாளி என் பெட்டியைக் கூடாரத்துக்கு வெளியே போட்டுவிட்டார். பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் போலீஸ் ஸ்டேஷனிலும் இதையே சொல்ல வேண்டும். அதுவரை எந்தப் பஸ்ஸிலும் ஏறாமல் இருக்க வேண்டும்.