நகராத சைக்கிள்

என் தங்கத்துக்கு,

காலையில் எழுந்ததும் உன் மாமாவின் பாதங்களை உடற்பயிற்சி சைக்கிளின் பெடலில் பட்டையால் கட்டினேன். தாத்தாவுக்கு வந்த அதே பரம்பரை நரம்பு நோய்தான். ஆனால் இருபது நிமிடம் மிதித்த நாட்களில் நடை கொஞ்சம் நிதானப்படுகிறது, காப்பியும் சிந்துவதில்லை.

"எம்புட்டு மிதிச்சும் அலங்காநல்லூர் வரலையே தாயி!"

"பேசாம மிதிங்கண்ணே."

அவர் இறங்கியதும் விளையாட்டாக நான் ஏறினேன். இடது கால் இரண்டு முறை நழுவியது.

"பெடல் வழுக்குதுண்ணே."

அண்ணன் சிரிக்கவில்லை. "எனக்கும் மொதல்ல செருப்புதான் வழுக்குச்சு" என்றார்.

எனக்கு அந்த நோய் இல்லையென்றால் உனக்கும் வராது. இருந்தால், உன்னைச் சோதித்துப் பார்ப்பதும் பார்க்காததும் உன் விருப்பம். நான் வற்புறுத்த மாட்டேன்.

உன் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. திங்கட்கிழமை மரபணுச் சோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகிறேன்.

உன் அம்மா