தம்பியின் கசெட்

ஞாயிறு இரவு, வெள்ளவத்தை

கொட்டாஞ்சேனையில் வாங்கிய பழைய ரேடியோ கசெட் பெட்டி இன்றுதான் உயிர் பெற்றது. நாற்பது வருசத்துக்கு முன் தம்பி ஜெர்மனி போன புதிதில் கடிதத்துக்குப் பதிலாகப் பேசி அனுப்பிய கசெட்டைப் போட்டேன். யாரோ கிழவன் இழுத்து இழுத்துப் பேசினான்.

"பொறும், பெல்ட் லூஸ்," என்று என் கணவர் பெட்டியைக் கழற்றி வேறு ரப்பர் பெல்ட் மாட்டினார். உடனே இருபது வயதுத் தம்பி: "அக்கா, அழாமல் கேளுங்கோ."

அம்மாவின் வீட்டை விற்ற சண்டைக்குப் பிறகு அவன் என்னோடு கதைப்பதில்லை. எனக்கும் ரோசம்தான். ஆனாலும் அந்தக் குரலைப் போனில் பதிந்து, ஒரு சொல்லும் எழுதாமல் அனுப்பினேன். பதிலே இல்லை. ஏன் அனுப்பினேன் என்று என்னையே திட்டிக்கொண்டு படுத்தபோது அவனிடமிருந்து குரல் பதிவு ஒன்று வந்தது. பெல்ட் லூஸாக இருந்தபோது கேட்ட அதே கிழட்டுக் குரல்.

"அக்கா, கசெட்டின் மற்றப் பக்கத்தையும் போட்டு அனுப்புங்கோ."